கழிக்காமல் விட்ட எடை

மக்களே,

இந்தக் கடிதத்தைச் சாலை பஜார் அரிசிக் கடையின் மாடிக் கிடங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடை பூட்டிக் கிடக்கிறது. வெறும் சாக்குகளை எண்ணி அடுக்க வேண்டும் என்று முதலாளியிடம் ஒரு பொய் சொல்லிச் சாவி வாங்கி வந்தேன். வீட்டில் உட்கார்ந்து எழுதினால் உன் தங்கச்சி தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பாள், 'அப்பா யாருக்குக் காதல் கடிதம்' என்று கேட்டுத் தெருவையே கூட்டிவிடுவாள். நாளை மறுநாள் காலையில் நீ திண்டுக்கல்லுக்கு ரயில் ஏற வேண்டும். ஹெல்த் இன்ஸ்பெக்டர் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, பெட்டியும் கட்டியாகிவிட்டது. போகிறாயா இல்லையா என்று மட்டும் நீ இன்னும் வாயைத் திறந்து சொல்லவில்லை. 'சாக்கடை பாக்குற வேலை' என்று ஒரு தடவை முணுமுணுத்தாய், அவ்வளவுதான். உன்னைப் போ என்று தள்ளுவதற்காக நான் இதை எழுதவில்லை. பத்தொன்பது வருஷமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் பெற்ற மகனை ரயில் ஏற்றினால் நான் மனுஷனே இல்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்களே, அன்றைக்கு நீ வீட்டுக்கு வந்து சேர்ந்த கோலம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. ஓட்டத்தில் முதல் கூட்டத்தில் வந்திருக்கிறாய். கம்பியில் தொங்கி எழும்பியதில் உனக்குப் பக்கத்தில் யாருமே இல்லையாம், உன் சிநேகிதன் சொன்னான். அதற்கப்புறம் உயரக் கம்பத்தடியில் நிறுத்தி, ஒரு சென்டிமீட்டர் குறைவு என்று கையில் முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள். ஒரே ஒரு சென்டிமீட்டர்! அந்த வயிற்றெரிச்சலில் சாப்பிட உட்கார்ந்தாய். அம்மா ரசம் ஊற்ற வந்தாள். நீ அவளை ஏறிட்டுப் பார்த்துச் சொன்னாய்: "உனக்க வயித்துல பொறந்தா பின்ன எவ்வளவு வளர முடியும்? குட்டைக்குக் குட்டைதான் பொறக்கும்." கரண்டி ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு ரசத்தை ஊற்றிவிட்டு, உன் இலையில் இன்னொரு அப்பளத்தையும் வைத்துவிட்டு அவள் உள்ளே போனாள். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த நான் என்ன செய்தேன் தெரியுமா? மோர் இருக்கா என்று கேட்டேன்.

நான் வாசல் நிலையில் தலை இடிக்கிறவன். என் தம்பிகள் இரண்டு பேரும் அப்படித்தான். உன் அம்மா என் நெஞ்சளவுகூட வரமாட்டாள். ஆகவே நீ பள்ளிக்கூட வரிசையில் முன்னால் நிற்க ஆரம்பித்த நாளிலிருந்து, கல்யாண வீட்டிலும் கோவில் கொடையிலும் யார் உன்னைப் பார்த்தாலும் 'பய அம்ம வழியாக்கும்' என்று ஒரு தீர்ப்பு. நானும் சிரித்துத் தலையாட்டுவேன். உன் அம்மாவும் சிரிப்பாள். ஆனால் உன் தங்கச்சியைப் பார், அவளும் அதே வயிற்றில் பிறந்தவள்தான். பதினைந்து வயதில் உன்னைவிட இரண்டு விரல்கடை உயரம், உன் தலையில் தட்டிவிட்டு ஓடுகிறாள். அம்மா வழி என்றால் அவள் எந்த வழி? இந்தக் கேள்வி ஊரில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றாமலா இருந்தது! எனக்கு விடை தெரியும், அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நீ பிறந்தது தொண்ணூறில். அப்போது நாங்கள் இந்தக் கரமனை வீட்டில் இல்லை. சாலை பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் பன்னிரண்டு அறைகள் வரிசையாக இருக்கும். அதில் ஏழாவது அறை நம்முடையது. பன்னிரண்டு குடும்பத்துக்கும் ஒரே குழாய், இரண்டு கக்கூஸ். வாசலை ஒட்டித் திறந்த ஓடை. ஆனி, ஆடி மழையில் அந்த ஓடை பொங்கி வாசல்படி ஏறும். உன் தொட்டிலை நான் இன்னும் இரண்டு முழம் உயர்த்திக் கட்டிவிட்டுப் பெரிய வேலை செய்துவிட்ட மாதிரி நிற்பேன். ஊரிலோ என்னைப் பற்றி வேறு பேச்சு. நாகர்கோவில் பக்கத்தில் வயலும் நெல்லுமாக இருந்த குடும்பம், மூத்தவன் திருவனந்தபுரத்தில் அரிசி மண்டியில் மேனேஜர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் எடை போடுகிறவன். மேனேஜர் என்று நான் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. அந்தப் பெருமையில்தான் உன் அத்தை கல்யாணத்தில் என் சக்திக்கு மீறின செலவை ஏற்றுக்கொண்டேன். அதைச் சரிக்கட்ட, நீ ஐந்து மாதக் குழந்தையாக இருக்கும்போது உன் அம்மா கிழக்கே கோட்டையில் ஒரு ஓட்டல் அடுக்களைக்குக் காய் நறுக்கப் போனாள். விடியும்போது போனால் மத்தியானம் தாண்டித்தான் வருவாள்.

தாய்ப்பால் அதோடு நின்றுபோயிற்று. நீ அடுத்த அறைச் சரோஜினி சேச்சியிடம் இருப்பாய். நல்ல மனசுக்காரி, ஆனால் அவளுக்கே மூன்று பிள்ளைகள். உனக்குப் பால்பொடி டப்பா வாங்கி வைத்திருந்தோம். ஒரு வாரத்தில் தீர வேண்டிய டப்பா நம் வீட்டில் மூன்று வாரம் ஓடியது. அதை அப்படி ஓட்டியது நான். "கொஞ்சம் தண்ணியா கலக்குங்க சேச்சி, அப்பந்தான் பிள்ளைக்குச் செரிக்கும்" என்று பெரிய வைத்தியன் மாதிரி நானே சொல்லிக் கொடுத்தேன். அதுவும் எந்தத் தண்ணீர்? குழாயில் பிடித்துக் குடத்தில் வைத்த தண்ணீர். ஒரே ஒரு அடுப்பு, விறகு அடுப்பு. அதில் சோறு பொங்கவே நேரம் காணாது, தண்ணீரை யார் காய்ச்சுவது? பதினைந்து நாளைக்கு ஒரு தடவை உனக்கு வயிற்றுப்போக்கு வரும். இரண்டு நாள் இருக்கும், நின்றுவிடும். பல் முளைக்கிறது என்று சொல்லிக்கொள்வோம். எத்தனை தடவை முளைத்ததோ அந்தப் பல்!

சந்து முனையில் ஒரு அங்கன்வாடி இருந்தது. மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை குழந்தைகளை எடை பார்ப்பார்கள். உத்தரத்துக் கொக்கியில் வட்டமான தராசு ஒன்று தொங்கும், அதன் அடியில் ஒரு துணிப்பையில் குழந்தையை உட்கார வைப்பார்கள். பிறகு டீச்சர் ஒரு அட்டையில் புள்ளி வைத்து, போன மாதப் புள்ளியோடு சேர்த்துக் கோடு இழுப்பாள். அட்டையில் முன்பே சில வளைந்த கோடுகள் அச்சடித்திருக்கும். நம் கோடு அவற்றோடு மேலே ஏறினால் பிள்ளை வளர்கிறது, படுத்துவிட்டால் ஏதோ கோளாறு. ஆறாம் மாதம் வரை அம்மாதான் உன்னைக் கொண்டுபோனாள். ஆறாம் மாதப் புள்ளி ஆறு கிலோவில் நின்றது. டீச்சர் முகம் சரியில்லை. "அடுத்த மாசம் ஏறலைன்னா ஒரு டாக்டரைக் காட்டணும் கேட்டோ. பின்ன, நம்முடைய சத்துமாவு உண்டல்லோ, எந்தா வாங்காத்தது?" என்று, இலவச மாவை வாங்காததற்குக் காரணம் கேட்டிருக்கிறாள். அம்மா வந்து என்னிடம் சொன்னாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அரிசி மண்டியில் நிற்கிறவன் பிள்ளைக்கு ஓசி மாவா? ஊர்க்காரன் எவனாவது வரிசையில் பார்த்தால் என்ன நினைப்பான்? "இங்க எவனும் பட்டினி கெடக்கல்ல. இனி எடை பாக்க நான் கொண்டுபோறேன்" என்று சொன்னேன். அம்மாவுக்கும் ஓட்டலில் நேரம் கூடியிருந்தது, சரி என்றாள்.

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் பொறுமையாகப் படி. என் தொழில் உனக்குத் தெரியும். லாரியில் வருகிற மூட்டையைத் தராசில் ஏற்றினால், சாக்கின் எடையைக் கழித்துவிட்டுத்தான் அரிசியின் எடையைச் சொல்வேன். மழையில் நனைந்த சாக்கு என்றால் கூடுதலாகக் கழிப்பேன். வாங்குகிறவனும் விற்கிறவனும் என் வாயிலிருந்து வருகிற எண்ணைக் கேட்டுவிட்டு மறுபேச்சுப் பேசமாட்டார்கள். 'அண்ணாச்சி சொன்னா சரி' என்பதுதான் இந்தப் பஜாரில் எனக்கு இருக்கிற ஒரே மரியாதை. அப்படிப்பட்ட நான் ஏழாம் மாதத்துச் செவ்வாய்க்கிழமை, உன் அத்தை சோறூட்டுக்குப் போட்ட வெள்ளி அரைஞாணையும் இரண்டு தண்டையையும் உனக்கு மாட்டி, எடை பார்க்கத் தூக்கிக்கொண்டு போனேன். டீச்சர் கண்ணில் பட்டுவிட்டது. "அண்ணாச்சி, இந்த வெள்ளி ஒண்ணு ஊரி வைக்காமோ? எடை சரியா வரணுமல்லோ" என்று கழற்றச் சொன்னாள். "நேர்ச்சையாக்கும் டீச்சரே, ஒரு வயசு திகையாம கழத்தப்பிடாது" என்றேன். எந்தச் சாமிக்கு நேர்ச்சை? என் கௌரவத்துக்கு நேர்ச்சை! அவள் பாவம், சாமி காரியம் என்று விட்டுவிட்டாள். வெள்ளி நூற்றைம்பது கிராம். கோடு மேலே ஏறியது.

எட்டாம் மாதம் உண்மையில் நீ ஒரு ஐம்பது கிராம் இளைத்திருந்தாய். நான் உன்னைக் கடைத் தராசில் போட்டு முதலிலேயே பார்த்துவிட்டேன். பார்த்துவிட்டு, வெள்ளி மட்டும் போதாது என்று கடையிலிருந்து இருநூறு கிராம் இரும்பு எடைக்கல் ஒன்றை எடுத்து, உன் இடுப்புத்துணியின் மடிப்புக்குள் வைத்துச் சுற்றினேன். மழைக்காலம், குளிர் என்று மேலே ஒரு சட்டையும் போட்டேன். ஒன்பதாம் மாதம் அதோடு இன்னொரு நூறு கிராம் கல்லும் சேர்ந்தது. கனம் இடுப்பை இழுத்ததோ என்னவோ, நீ துணிப்பையில் ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாய். டீச்சர், "மிடுக்கன்! நல்லா ஏறுது அண்ணாச்சி" என்றாள். அவள் கோடு இழுக்கும்போது நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வயதில் மற்றக் குழந்தைகள் பிடிக்காமலே உட்காரும். நீ தலையணை முட்டுக் கொடுத்தால்தான் உட்காருவாய். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

உன் அம்மா அந்த அட்டையை முழுசாக நம்பினாள், மக்களே. அதுதான் எல்லாவற்றிலும் பெரிய பாவம். வேலை முடிந்து வந்ததும் கையைக் கழுவிவிட்டு அட்டையை எடுத்துப் பார்ப்பாள். பிள்ளை கையில் லேசாகத் தெரிகிறானே என்று அவள் மனசு சொல்லும்போதெல்லாம் அட்டையில் ஏறுகிற கோடு 'அதெல்லாம் இல்லை' என்று சொல்லும். அவள் தன் கையை நம்பாமல் அட்டையை நம்பினாள், அட்டையில் இருந்ததோ நான். பத்தாம் மாதம் கடைக்கு லாரி வருகிற நாளும் எடை பார்க்கிற நாளும் ஒன்றாக வந்தது. இந்த மாதம் விட்டுவிடலாம் என்று சொன்னேன். "வேண்டாம், நான் லீவு சொல்லிட்டுக் கொண்டுபோறேன். கோடு ஏறுறத நானும் ஒரு தடவ பக்கத்துல நின்னு பாக்கட்டு" என்றாள். அவ்வளவு ஆசை அவளுக்கு. நான் என்ன சொல்லித் தடுப்பது? போய்விட்டாள். உன்னைக் குளிப்பாட்டி, டீச்சர் எப்போதும் கேட்கிறாளே என்று வெள்ளியை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, வெறும் உடம்போடு உன்னைத் தராசில் உட்கார வைத்திருக்கிறாள்.

லாரி மூட்டை பாதி இறங்கியிருக்கும். சாலைத் தெருவில் கைவண்டிகளுக்கும் சுமட்டுக்காரர்களுக்கும் நடுவில் அவள் உன்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தாள், கால் செருப்பு ஒன்றைக் காணவில்லை. "இஞ்சேருங்க, பிள்ள உருகிப் போறான். ஒரு மாசத்துல நானூறு கிராம் கொறஞ்சு போச்சு. இப்பமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிட்டா டீச்சர். என் பிள்ளைக்கு என்னமோ வந்துட்டு" என்று கடை வாசலில் நின்று கதறினாள். அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். உனக்கு ஒரே மாதத்தில் ஒன்றும் குறையவில்லை என்று எனக்குத் தெரியும். அதை அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதலாளியே ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். போகிற வழி முழுக்க அவள் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டே வந்தாள்.

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். அட்டையை விரித்துப் பார்த்தாள், ஏறி ஏறி வந்து செங்குத்தாக விழுந்த கோட்டைப் பார்த்தாள், அவள் முகம் மாறிவிட்டது. ரத்தம் எடுக்கச் சொன்னாள். உன் கையில் நரம்பு கிடைக்கவில்லை. மூன்று இடத்தில் குத்தினார்கள். நீ அழுவதற்கும் தெம்பில்லாமல் கிறீச் கிறீச் என்றாய். அம்மா சுவரில் நெற்றியை வைத்து நின்றாள். பிறகு டாக்டர், "ஒரு மாசத்துக்குள்ள இத்தனை குறைஞ்சா உள்ள என்னமோ ரோகம் உண்டு. அட்மிட் செய்யணும். நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கணும். மூக்கு வழியா டியூப் இட்டு வயித்துல இருந்து நீர் எடுத்து நோக்கணும்" என்றாள். நர்ஸ் அந்தக் குழாயைக் கொண்டுவந்தாள். அதைப் பார்த்ததும்தான் என் வாய் திறந்தது. "வேண்டாம் டாக்டரே, பிள்ளைய ஒண்ணும் செய்யாதீங்க. நானாக்கும் கள்ளன். மூணு மாசமா கல்லு வச்சு எடை பாத்தேன்" என்று சொன்னேன். வெள்ளி எவ்வளவு, கல் எவ்வளவு, எந்த மாதம் எத்தனை கிராம் என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

உன் அம்மா சுவரிலிருந்து திரும்பினாள். என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்பம் எனக்க பிள்ள மூணு மாசமா வளரவே இல்ல. நான் அட்டையப் பாத்துப் பாத்துச் சிரிச்சேன்" என்று மட்டும் சொன்னாள். இன்றைக்கு இந்தக் கிடங்கில் தனியாக உட்கார்ந்து இதை எழுதும்போதும் அந்தக் குரல் கேட்கிறது. டாக்டர் என்னிடம், "கடையில நிங்ஙளுக்கு எந்தா ஜோலி?" என்று கேட்டாள். "எடை போடுகது" என்றேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் களுக்கென்று சிரித்துவிட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. அட்டையை என் முன்னால் தள்ளி, ஒரு சிவப்புப் பேனாவைக் கையில் கொடுத்தாள். "சரியான எடை நிங்ஙளுக்கு மட்டும்தான் தெரியும். நிங்ஙள் தன்னே புள்ளி வைக்கணும்" என்றாள். மூன்று புள்ளி வைத்தேன். ஆறு கிலோ, அதற்குக் கொஞ்சம் கீழே, மறுபடி ஆறு கிலோ. சேர்த்துக் கோடு இழுத்தபோது அது தரையில் கிடந்த கயிறு மாதிரி படுத்துக் கிடந்தது.

அதற்கப்புறம் அவள் கேட்ட கேள்விகள் ஒன்றுகூட உன் உடம்பைப் பற்றியது இல்லை. எத்தனை பேருக்கு ஒரு குழாய்? பால் கலக்குகிற தண்ணீர் காய்ச்சினதா? ஒரு புட்டிக்கு எத்தனை கரண்டிப் பொடி? புட்டியை யார் கழுவுவது, எதில்? ஓடை எவ்வளவு தூரம்? அம்மா எத்தனை மணிக்குப் போகிறாள்? வீட்டில் முட்டை வாங்கினால் யாருக்கு? கடைசிக் கேள்விக்கு நான் தலையைக் குனிந்தேன், முட்டை எனக்குத்தான். மூட்டைக் கடையில் நிற்கிற உடம்பு என்று அம்மா எனக்கு வைப்பாள், நானும் தின்பேன். டாக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "குஞ்ஞுக்கு ரோகம் ஒண்ணும் காணல. வீட்டுக் காரியம் நேரே ஆனா இவன் வளரும். எடை பிடிச்சிடும், பயப்படாண்டாம். பொக்கம் மட்டும் கொஞ்சம் பின்னால நிக்கலாம்" என்றாள். பொக்கம் என்றால் உயரம். அந்தக் கடைசி வார்த்தையைத்தான் நான் ஊரில் யாரிடமும் சொல்லாமல் முழுங்கினேன்.

அந்த மூன்று மாதம்தான் உன் ஒரு சென்டிமீட்டரைத் தின்றது என்று எந்த டாக்டரும் எழுதித் தரமாட்டார். அம்மாவின் உயரமும் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் அந்த ஓடையும், காய்ச்சாத தண்ணீரும், நீர்த்த பாலும், எல்லாவற்றுக்கும் மேல் நல்ல எண்ணை மட்டும் காட்ட ஆசைப்பட்ட இந்த அப்பனும் இருந்தோம். கோடு படுத்த முதல் மாதமே டீச்சர் உன்னை டாக்டரிடம் அனுப்பியிருப்பாள். நான் அதைக் கெடுத்தேன். உன் அம்மாவின் வயிற்றில் ஒரு குறையும் இல்லை. நீ பிறக்கும்போது மூன்று கிலோ, பிரசவம் பார்த்த நர்ஸ் உன்னைத் தூக்கிக் காட்டியபோது வார்டே திரும்பிப் பார்த்தது. அவள் உன்னை முழுசாகத்தான் தந்தாள்.

இனி நல்லதையும் சொல்கிறேன், அதுவும் உண்மைதானே. மறுநாளே அந்த வெள்ளியை விற்று ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் மூடி போட்ட பெரிய பாத்திரமும் வாங்கினேன். அத்தைக்கு என்ன பதில் சொல்வது என்று அன்றைக்குத் தோன்றவே இல்லை, ஆச்சரியம்தான். முதலாளியிடம் நின்று, காலையில் ஒன்பது மணிக்குத்தான் வருவேன் என்று கேட்டு வாங்கினேன். அம்மா ஓட்டலில் விடியற்காலை வேலையை விட்டுவிட்டுப் பிந்திய நேரத்துக்கு மாற்றிக்கொண்டாள். காலை இரண்டு வேளை உனக்குக் கொடுப்பது என் பொறுப்பு. கஞ்சியில் தேங்காயெண்ணெய் ஒரு கரண்டி விட்டு, வேகவைத்த முட்டையை மசித்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி ஊட்டுவேன். நீ பாதியை என் முகத்திலேயே துப்புவாய். சரோஜினி சேச்சி பார்த்துவிட்டு, "அண்ணாச்சி இப்பம் நல்ல அம்மை ஆயி" என்று கேலி செய்வாள். முதல் நாள் சத்துமாவு வாங்க டப்பாவோடு வரிசையில் நின்றபோது, நினைத்தபடியே ஊர்க்காரன் ஒருத்தன் எதிரே வந்துவிட்டான். "என்ன வே, மேனேஜர் இங்க நிக்கேரு?" என்றான். "பிள்ளைக்கு மாவு வாங்கணும். மேனேஜரும் இல்ல ஒண்ணும் இல்ல வே, எடை போடுகவன்" என்றேன். சொன்னதும் ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. டீச்சரிடமும் போய் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த மாதம் உன்னைத் தராசில் வைக்கும்போது அவள் உன் இடுப்புத்துணியை அவிழ்த்து உதறிப் பார்த்தாள். நியாயம்தானே! இருநூற்றைம்பது கிராம் ஏறியிருந்தாய், முழுக்க நீ மட்டும்.

பதினான்காம் மாதத்தில் நடந்தாய். நடந்த வேகத்தில் நேராக அந்த ஓடைப் பக்கம்தான் போனாய். அன்றைக்குத்தான் இந்தச் சந்தில் இனி இருக்கக் கூடாது என்று நானும் அம்மாவும் முடிவு செய்தோம். கரமனையில் தனிக் குழாயும் தனிக் கக்கூஸும் உள்ள இந்தச் சின்ன வீட்டுக்கு வர மூன்று வருஷம் ஆனது. இங்கே பிறந்தவள் உன் தங்கச்சி. அவளுடைய அட்டையை நான் கையாலேயே தொடவில்லை, எல்லாம் அம்மாதான். அவள் வளர்ந்த வளர்த்தியைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது உண்மை. ஒவ்வொரு தடவை சந்தோஷப்படும்போதும் உன்னைத் திரும்பிப் பார்த்து எனக்குள் குத்தியதும் உண்மை.

நீ சாக்கடை பார்க்கிற வேலை என்று சொன்னாயே, அந்தச் சாக்கடை உன் தொட்டிலுக்கு இரண்டு முழத்துக்குக் கீழே ஓடியது மக்களே. குழாய்த் தண்ணீரை ஒருத்தன் வந்து பரிசோதித்திருந்தால், ஓடைக்கு மேல் ஒருத்தன் ஸ்லாப் போடச் சொல்லிச் சத்தம் போட்டிருந்தால், அந்தப் பன்னிரண்டு அறையிலும் எத்தனை பிள்ளைகளுக்கு, பல் முளைக்கிறது என்று நாங்கள் சொல்லிக்கொண்ட அந்த வயிற்றுப்போக்கு நின்றிருக்கும்! அங்கே அப்படி ஒருத்தன் வரவே இல்லை. நீ போனால், வருகிறவனாக இருப்பாய். போகப் பிடிக்கவில்லை என்றால் அதையும் வாய்விட்டுச் சொல், வேறு வழி பார்ப்போம், நான் சண்டை போடமாட்டேன். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நாளைக்கு உனக்கு ஒரு பெண்டாட்டி, ஒரு பிள்ளை என்று வரும்போது, கெட்ட செய்தியை அவளிடம் மறைக்கிற புருஷனாக இருந்துவிடாதே. நாலு பேர் முன்னால் முகம் வாடாமல் இருக்க வேண்டும் என்று நான் செய்த வேலை அது. அவமானம் எனக்கு வரவே இல்லை, இளைத்தது நீ.

நேற்று அம்மாவிடம், இதை உன்னிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "என்னத்துக்கு? போற நேரத்துல அவன் அப்பன வெறுத்துட்டுப் போகாண்டாம். என்னத்தானே சொன்னான், சொல்லிட்டுப் போகட்டு" என்றாள். இத்தனை வருஷமும் 'அம்ம வழி' என்று ஊர் சொன்னபோதெல்லாம் அவள் சிரித்தது எனக்காகத்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் சொல்லை மீறித்தான் இதை எழுதுகிறேன். நீ என்னை வெறுத்தாலும் வெறுத்துக்கொள், அது என் பங்கு. அவள் பங்கு இல்லை.

அந்த அட்டையை இந்தக் கடிதத்தோடு மடித்து வைத்திருக்கிறேன். ஓரமெல்லாம் பொடிந்திருக்கிறது, பார்த்துப் பிரி. நீல மையில் ஏறுகிற மூன்று புள்ளிகள் நான் செய்த களவு. சிவப்பு மையில் இருக்கும் மூன்றுதான் நிஜம். அதற்கு அடுத்த மாதத்திலிருந்து வரும் கோட்டைப் பார். எவ்வளவு கீழே இருந்து எவ்வளவு மேலே ஏறி வந்திருக்கிறாய் பார். அதில் ஒரு கிராம்கூட இரும்பு கிடையாது.

இதை உன் பெட்டிக்குள் வைக்கப்போவதில்லை. ரயிலில் படித்துப் பிரயோசனம் இல்லை. நாளைக் காலையில் நீ பல் தேய்க்கப் போகிற நேரம் பார்த்து உன் தலையணைமேல் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவேன். படித்து முடித்ததும் என்னைத் தேடி வராதே. என்னோடு சண்டை போட சாயங்காலம் நேரம் இருக்கிறது, நான் எங்கேயும் ஓடிவிடமாட்டேன். அம்மா அடுக்களையில் இருப்பாள். முதலில் அங்கே போ.

அப்பா